நாற்காலி யாருக்கு?



தொழிலிலும் வியாபாரத்திலும் பெண்கள் தலைமை ஸ்தானம் வகிப்பதைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதற்குத்தான் சட்டமே வந்துவிட்டதே, இன்னும் என்ன குறை?" என்று சிலர் கேட்கிறார்கள். சட்டம் வந்தது வாஸ்தவம். அது நடந்த இலட்சணத்தைப் பார்ப்போம்.

2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி, பங்குச் சந்தையில் பதிவான கம்பெனிகளும் மற்றப் பெரிய பொதுக் கம்பெனிகளும் டைரக்டர் போர்டில் ஒரு பெண்ணையாவது வைத்தாக வேண்டும். ஒரே ஒரு பெண்! அதற்கே தவணை நீட்டப்பட்டு, 2015 ஏப்ரலில்தான் கெடு முடிந்தது. கெடு நெருங்கியதும் முதலாளிமார் பலர் என்ன செய்தார்கள்? ஊரில் தேடவில்லை, வீட்டுக்குள் திரும்பி, மனைவியையும் மகளையும் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். அந்தப் பெண்களிலும் சாமர்த்தியசாலிகள் இருக்கலாம். ஆனால் சாமர்த்தியத்துக்காகவா கூப்பிட்டார்கள்? கணக்குக் காட்டக் கூப்பிட்டார்கள். ஆகவேதான் 2019 ஏப்ரல் முதல் 500 பெரிய கம்பெனிகளிலும், 2020 ஏப்ரல் முதல் 1000 கம்பெனிகளிலும், முதலாளி குடும்பத்தைச் சேராத சுயேச்சையான பெண் டைரக்டர் ஒருவர் வேண்டுமென்று செபி விதி செய்ய நேர்ந்தது.

"யோக்கியதை உள்ள பெண்கள் எங்கே?" என்பது அடுத்த கேள்வி. நார்வே தேசத்திலும் இப்படித்தான் கேட்டார்கள். அங்கே 2003-ல், பொதுக் கம்பெனிப் போர்டுகளில் 100-க்கு 40 பேராவது பெண்கள் இருக்க வேண்டுமென்று சட்டம் செய்தார்கள். மீறினால் கம்பெனியையே கலைத்துவிடலாம் என்று ஏற்பட்டதும், 2008-க்குள் அத்தனை பெண்களும் அகப்பட்டுவிட்டார்கள்! அப்பன் நாற்காலியில் மகன் உட்காரும்போது யோக்கியதையை யாராவது விசாரிக்கிறோமா?

மேலும், முதல் இருந்தால்தானே முதலாளி? 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு பெண்களுக்குச் சொத்துரிமையையும் உத்தியோக உரிமையையும் சேர்த்தே கேட்டது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்னும் சட்டம் தமிழ்நாட்டில் 1989-ல் தான் வந்தது. இடையில் போனது 60 வருஷம்! அத்தனை காலம் கையைக் கட்டிப் போட்டுவிட்டு, "ஏன் நீந்தவில்லை?" என்று கேட்பது என்ன நியாயம்?

இனி ஆபீசுக்குள் வாருங்கள். பத்துப் பேர் கூடிப் பேசும் இடத்தில் குறிப்பெழுதச் சொல்வது யாரை? அங்குள்ள ஒரு பெண்ணை. டீக்குச் சொல்லியனுப்புவது யார்? அவளே. அவள் சொன்ன யோசனையைக் கால்மணி கழித்து ஓர் ஆண் சொன்னால், "பேஷ்!" என்கிறார்கள். கண்டித்துப் பேசும் ஆண் திறமைசாலி, பெண்ணானால் அடங்காப்பிடாரி. வேலைக்கு வரும் பெண்ணைக் "கல்யாணம் எப்போது? குழந்தை எப்போது?" என்று கேட்பவர்கள், ஆணிடம் அதைக் கேட்பதுண்டா?

ஜவுளிக்கடைப் பெண்களைப் பாருங்கள். காலைமுதல் இரவுவரை நின்றபடியே புடவை விரிக்கிறார்கள். வேலையாட்கள் உட்கார இடம் கொடுக்க வேண்டுமென்பதற்கே 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. கடையில் முக்காலி கொடுக்க மனமில்லாதவர்கள் போர்டில் நாற்காலி கொடுப்பார்களா?

தோழர்களே! குறிப்பெழுதுவதை முறைவைத்து எல்லோரும் செய்யுங்கள். யோசனை யாருடையதோ அவர் பெயரையே சொல்லுங்கள். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், பாலியல் தொல்லை பற்றிய புகாரை விசாரிக்கப் பெண் தலைமையில் கமிட்டி இருக்க வேண்டுமென்பது 2013 முதல் சட்டம். உங்கள் இடத்தில் இருக்கிறதா என்று நாளைக்கே கேளுங்கள். கடை வைத்திருப்பவர்கள் மகனுக்குக் கற்றுக்கொடுக்கும் கொள்முதலையும் வரவு செலவையும் மகளுக்கும் கற்றுக்கொடுத்து, கல்லாப்பெட்டிச் சாவியையும் கொடுங்கள்.

இது தர்மமல்ல. அவர்களுக்குச் சேரவேண்டிய பாக்கி. பாக்கியைத் தீர்ப்பவன் தயாளனென்று பெயர் வாங்க ஆசைப்படக் கூடாது என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.