மேல்மாடி அறையும் புனே வெயிலும்

புனே நகரின் சிவாஜி நகர்ப் பகுதியில் பழைய பெருங்கட்டடம் ஒன்று இருக்கிறது. வானிலைத் துறையின் தலைமை அலுவலகம் 1928ஆம் ஆண்டில் சிம்லாவை விட்டுப் புனேக்கு வந்தபோது குடிபுகுந்த இடம் அது. அத்தலைமை அலுவலகம் பின்னர்த் தில்லிக்குச் சென்றுவிட்டது. ஆயினும் ஊரார் இன்றும் அக்கட்டடத்தைச் 'சிம்லா ஆபீஸ்' என்றே அழைக்கின்றனர். பெயரில் பனிமலை இருக்கிறது. இந்நகரத்து வெயிலுக்குக் கணக்கு வைத்திருப்பதும் அவ்விடந்தான். 1897ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் புனேயில் 43.3 பாகை வெப்பம் பதிவாயிற்று. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் அது மீண்டும் 43 பாகையைத் தொட்டது. 'மேட்டு நிலத்து ஊர், இதமான காற்று' என்று கேள்வியுற்று இங்கே குடியேறும் நம்மவர், முதல் வேனிலிலேயே உண்மையை உணர்ந்துகொள்கின்றனர். அதிலும், வாடகை சற்றுக் குறைவு என்று மேல்மாடி வீட்டை அமர்த்திக்கொண்டவர் நன்றாகவே உணர்கின்றனர்.

அத்தகைய அறையை எவ்வாறு குளிர்விப்பது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஆனால் ஊரிலிருந்து நாம் கொண்டுவந்த சில பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டும்.

தமிழில் வெப்பத்தைக் குறிக்கும் சொற்கள் பல. அவற்றுள் இரண்டை இங்கே நினைவுகூர்வது நலம்: ஒன்று புழுக்கம், மற்றொன்று வெக்கை. காற்றில் ஈரம் மிகுந்து, வியர்வை உலராமல் உடல் கசகசக்கும் நிலையே புழுக்கம். சுட்ட கல்லும் சுவரும் தம்முள் அடக்கிய சூட்டை வெளிவிடும்போது நாம் உணர்வது வெக்கை. சென்னையின் துன்பம் பெரும்பாலும் புழுக்கம். புனேயின் துன்பம் பெரும்பாலும் வெக்கை. நோய் இரண்டானால் மருந்தும் இரண்டு அன்றோ?

கணக்கைப் பார்ப்போம். மே மாதத்தில் சென்னையில் பகல் வெப்பம் சராசரியாக 37 பாகை; இரவிலும் அது 28 பாகைக்குக் கீழே எளிதில் இறங்குவதில்லை. புனேயில் ஏப்ரல் மாதத்துப் பகல் வெப்பம் சுமார் 38 பாகை. ஆனால் விடியற்காலையில் அது 21 பாகையளவுக்கு இறங்கிவிடுகிறது. ஒரே நாளில் பதினேழு பாகை வேறுபாடு! பிற்பகலில் காற்றின் ஈரப்பதமோ நூற்றுக்கு முப்பதுக்கும் கீழே போய்விடுவது வழக்கம். குளிர்ந்த இரவு, வறண்ட பகல் என்னும் இவ்விரண்டு செல்வங்களையும் புனே நமக்குக் கொடுத்திருக்கிறது. அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிவதில்தான் காரியம் இருக்கிறது.

நம் பழக்கத்தைக் கவனியுங்கள். சென்னையில் பிற்பகலானால் கடற்காற்று வரும். அதை வரவேற்க ஜன்னலைத் திறந்து வைப்போம். இரவில் கொசுவுக்கும் திருடனுக்கும் அஞ்சி அடைத்துக்கொள்வோம். அதே வழக்கத்தைப் புனேயில் தொடர்ந்தால் என்ன ஆகும்? பகலில் 38 பாகை அனற்காற்றை உள்ளே அழைக்கிறோம். இரவில் 21 பாகைக் குளிர்காற்றை வாசலில் நிறுத்தி விடுகிறோம். இங்கே வேண்டுவது இதற்கு நேர்மாறானது. காலை எட்டு மணியளவில், வெளிக்காற்று சூடேறத் தொடங்குமுன் ஜன்னல்களை அடைத்துத் திரையிட வேண்டும். இரவில் வெளிக்காற்று உள்ளறையைவிடக் குளிர்ந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். கொசுவுக்கு வலைச்சட்டமும், திருடனுக்கு இரும்புக் கம்பியும் போட்டுக்கொள்வது ஒருமுறை செய்யும் செலவுதான்.

இரவில் மேசை விசிறி ஒன்றை ஒரு ஜன்னலருகே வெளிமுகமாகத் திருப்பி வைத்து, எதிர்ப்புறத்து ஜன்னலைத் திறந்து வையுங்கள். அறையிலுள்ள சூடான காற்று வெளியே தள்ளப்படும். அதனிடத்தில் குளிர்காற்று புகும். இரவு முழுவதும் சுவரும் தரையும் ஆறினால், மறுநாள் நண்பகல் வரையில் அவை நமக்குத் தண்மை தரும். நாகபுரி, தில்லி போன்ற வறண்ட ஊர்களில் இரவும் சூடாகவே இருப்பதுண்டு. எனினும் அங்கும் இம்முறை ஓரளவு பயன் தரும். மும்பையிலும் கல்கத்தாவிலும் வாழ்வோர் சென்னை வழக்கத்தைவிட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

இனி, வெக்கையின் பிறப்பிடத்துக்கு வருவோம். மே மாதம் 13ஆம் நாளை ஒட்டி, நண்பகலில் கதிரவன் புனே நகரின் உச்சிக்கு நேராக நிற்கிறான். நட்ட கோலுக்கு நிழல் விழுவதில்லை. சென்னையில் இது ஏப்ரல் 24ஆம் நாளை ஒட்டி நிகழ்கிறது. இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. வேனிலில் வீட்டின் தெற்குச் சுவர் அதிக வெயிலைப் பெறுவதில்லை. முதல் அடி கூரைக்கு. அடுத்த அடி மேற்குச் சுவருக்கு. ஆகவே நம் செலவும் முயற்சியும் அந்த வரிசையிலேயே அமைய வேண்டும்.

நாலைந்து அங்குலம் கனமுள்ள கான்கிரீட் தளம் நண்பகல் வெயிலைக் குடித்துவிட்டு, சில மணி நேரம் தாமதித்து, மாலையிலும் முன்னிரவிலும் அதை அறைக்குள் இறக்குகிறது. வெளியே தென்றல் வீசும்போது உள்ளே தலைக்குமேல் அடுப்பு எரிவது இதனால்தான். மின்விசிறியைச் சுழலவிட்டால் தளத்தை ஒட்டிய சூடான காற்றே கீழே வருகிறது. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை உலர்த்தி உடலைக் குளிர்விக்கிறது, அவ்வளவே. ஆளில்லாத அறையில் அது சுழல்வது வீண்.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். பழைய சென்னை வீடுகளில் தேக்கு உத்தரங்களின்மேல் செங்கற்களைக் குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துத் தளமிட்டு, மேலே தட்டோடு பதித்தனர். புனேயின் பழைய நகரத்தில் 'வாடா' என்னும் பெருவீடுகள் இருந்தன. கல் அடித்தளமும், மரச்சட்டமும், கனத்த செங்கற் சுவர்களும், நடுவே திறந்த முற்றமும் அவற்றின் இலக்கணம். இரவின் குளிர்காற்று முற்றத்தில் இறங்கித் தங்கும். 1961ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் பான்ஷேத் அணை உடைந்து வந்த வெள்ளத்தில் ஆற்றோரத்து வாடாக்கள் பல அழிந்தன. எஞ்சியவற்றுள் விஸ்ராம்பாக் வாடாவை இன்றும் காணலாம். முற்றம் வைத்த நம்மூர் வீட்டை அறிந்தவர்க்கு அதன் உட்புறம் அந்நியமாகத் தோன்றாது.

அவ்வாறு கட்டிக்கொள்ள இன்று நம்மால் இயலாது. ஆனால் கூரைக்கு வெள்ளை பூசலாம். புதிதாகப் பூசிய வெள்ளை, தன்மேல் விழும் வெயிலில் நூற்றுக்கு எழுபது பங்குக்குமேல் திருப்பி அனுப்பவல்லது. மழையிலும் தூசியிலும் கறுத்த கான்கிரீட்டோ பெரும்பகுதியைத் தானே உட்கொண்டுவிடும். மொட்டைமாடியை நன்றாகப் பெருக்கிக் கழுவி, நீற்றிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, சிறிது பசை சேர்த்து, வெயில் தாழ்ந்த வேளையில் இரண்டு மூன்று முறை பூசுங்கள். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழைநீர்க் குழாய்களின் வாய் அடைபடக்கூடாது. சுண்ணாம்பு ஒரு மழைக்காலத்தைத் தாண்டி நிற்பது அரிது. எனவே ஆண்டுதோறும் பூச வேண்டும். மராத்தியர் தம் புத்தாண்டாகிய குடீ பாட்வாவுக்கு வீட்டைத் துப்புரவு செய்வர். அதுவே இதற்கும் தக்க தருணம். கடைகளில் கிடைக்கும் வெண்ணிறக் கூரைப்பூச்சு விலை கூடியது. ஆனால் சில ஆண்டுகள் உழைக்கும். தகரக் கூரையின் கீழ் வாழ்வோர்க்கு இதன் பலன் அன்றைய பொழுதிலேயே தெரியும்.

கூரையில் நாள்தோறும் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் நாம் பரிந்துரைக்க மாட்டோம். கடக்வாஸ்லா முதலிய அணைகளில் நீர் குறைந்து, குழாய்க்கு முறை வைக்கும் காலமும் இந்த வேனிற்காலந்தான். பத்துக் குடும்பங்களின் குடிநீரை ஒரு தளத்தின்மேல் கொட்டுவது நியாயம் ஆகாது.

இங்கே ஒரு தடை குறுக்கிடும். அடுக்குமாடிக் கட்டடங்களில் மொட்டைமாடி பெரும்பாலும் கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் பொதுவுடைமை. கீழ் வீடுகளில் இருப்போர்க்கு வெக்கை தெரியாது. 'எதற்கு வீண் செலவு?' என்பர். கூரை எல்லார்க்கும் பொது; அதன் சூடு மட்டும் மேல் வீட்டாருக்கு என்பது என்ன முறை? ராஸ்தா பேட்டையானாலும் கடக்கியானாலும், வெளியூரில் வந்து தங்கியிருக்கிறோம் என்ற கூச்சத்தால் நம்மவர் பலர் வாய் திறப்பதில்லை. கூச்சம் வேண்டாம். தை, மாசி மாதங்களிலேயே சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். செலவில் பங்கு தரவும், பூசும் நாளில் கூட நிற்கவும் முன்வாருங்கள். அண்டை வீட்டாரோடு நாலு வார்த்தை மராத்தியில் பேசத் தெரிந்தால் காரியம் இன்னும் எளிதாகும்.

அடுத்தது மேற்கு ஜன்னல். திரை அறைக்குள் இருந்தால், வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்த பிறகே அது தடுக்கிறது. அதற்குள் சூடு அறையைச் சேர்ந்துவிடும். மூங்கில் தட்டியை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டால் வெயில் வெளியிலேயே நின்றுவிடும். விருந்தாளியை வாசலில் வரவேற்கலாம். வேண்டாதவனை வாசலிலேயே நிறுத்த வேண்டும். வெயிலுக்கும் இதுவே விதி.

இனித் தண்ணீரின் உதவி. ஒரு லிட்டர் நீர் ஆவியாக மாறும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பம், ஐந்து லிட்டர் நீரை உறைநிலையிலிருந்து கொதிநிலை வரை காய்ச்சும் வெப்பத்தைக் காட்டிலும் அதிகம். மண்பானை நீரின் தண்மைக்கு இதுவே காரணம். மராத்தியில் 'வாளா' எனப்படும் வெட்டிவேரால் தட்டி பின்னி, ஜன்னலில் கட்டி நனைத்து வைத்தால், அதனூடே வரும் வறண்ட காற்று குளிர்ந்தும் மணந்தும் வருகிறது. 'கூலர்' என்னும் கருவி அதே தத்துவத்துக்கு விசிறி பூட்டியதே அன்றி வேறில்லை. ஆனால் அதை மூடிய அறையின் நடுவில் வைப்பது பயனற்றது. சிறிது நேரத்தில் அறைக்காற்று ஈரம் நிறைந்துவிடும். பிறகு நீர் ஆவியாகாது. புனேயில் இருந்துகொண்டே சென்னைப் புழுக்கத்தை அனுபவிக்க நேரும். கூலரின் முதுகு வெளிக்காற்றைப் பார்த்திருக்க வேண்டும். எதிர்ப்புறத்தில் ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பகலில் ஜன்னலை அடைக்கவேண்டும் என்ற விதிக்கு இது ஒன்றே விலக்கு. ஜூன் மாதத்தில் மழைக்காற்று வந்ததும் கருவியைத் துடைத்து வைத்துவிடலாம். ஈரக்காற்றில் அதற்கு வேலை இல்லை.

குளிர்சாதனப் பொறி வாங்க வசதியுள்ளவர் வாங்கட்டும். ஆனால் வெள்ளை பூசாத கூரையின் கீழ் அதை ஓட்டுவது, ஓட்டைப் பானையில் நீர் இறைப்பதற்கு ஒப்பாகும். அதற்கு 24 பாகையே போதும். அதன் சூடான மூச்சு அடுத்த வீட்டு ஜன்னலில் படாதவாறு பொருத்துவது அண்டை அயலாருக்கு நாம் செய்யும் மரியாதை.

இவ்வளவும் சொகுசுக்காகச் சொன்னவை அல்ல. 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆமதாபாத் நகரில் கடும் வெயிலின்போது, வழக்கத்தைவிட ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தனர் என்று ஆய்வாளர் கணக்கிட்டனர். அதன் பின்னரே 2013ஆம் ஆண்டில் அந்நகரம் வெப்பத்தை எதிர்கொள்ளத் திட்டம் வகுத்தது. 2017ஆம் ஆண்டில் எளியோர் வாழும் வீடுகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசும் முயற்சியும் நடந்தது.

நம் வீடுகளில் வேனிற்காலத்தில்தான் ஊரிலிருந்து தாயும் தந்தையும் வருகின்றனர். பேரப்பிள்ளைகளின் விடுமுறை அவர்களை அழைத்து வருகிறது. பிள்ளையும் மருமகளும் அலுவலகம் சென்றபின், பகல் முழுவதும் அந்த மேல்மாடி அறையில் இருப்பவர் அவர்களே. முதியவர்க்கு வியர்வை குறைவு. தாகமும் எளிதில் தோன்றாது. 'பிள்ளைக்கு ஏன் தொல்லை?' என்று எதையும் சொல்வதுமில்லை. மின்கட்டணத்துக்கு அஞ்சி விசிறியை நிறுத்திவிடும் தாய்மாரும் உண்டு. அவர்கள் பேச்சில் தடுமாற்றமும், உடலில் கொதிப்பும் கண்டால் காலம் தாழ்த்தலாகாது. உடலை நனைத்து விசிறிக்கொண்டே 108 எண்ணை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

அந்நிலை வாராமல் காப்பதே மேல். இவ்வேனிலில் பெற்றோருக்குப் பயணச்சீட்டு எடுக்குமுன், மொட்டைமாடிக்கு ஒரு வாளிச் சுண்ணாம்பும், மேற்கு ஜன்னலுக்கு ஒரு மூங்கில் தட்டியும் வாங்கிவிடுங்கள். அவர்கள் வந்தபின், எந்த வேளையில் ஜன்னலை அடைப்பது, எந்த வேளையில் திறப்பது என்பதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். புது ஊரின் காற்றோடு பழகுவதற்கு அவர்களுக்கும் ஒரு வழிகாட்டி வேண்டும் அல்லவா?