'படிப்பு ஏறாது' என்று சொன்னது யார்? - கற்றல் குறைபாடும் சட்டமும் சாதியும்

(சேரிகளில் மாலை நேர வகுப்பு நடத்தும் இளைஞர்களுக்கான பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பதினான்கு ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் சிறப்புப் பயிற்றுநர். வட்டார வள மையத்திலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு பள்ளிக்குப் பேருந்தில் போய் வருகிறேன். கற்றல் குறைபாடு பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். என் தம்பியிலிருந்து தொடங்குகிறேன்.

தம்பி எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். இன்று எங்கள் பகுதியில் போர் மோட்டார் நின்றுவிட்டால் அவனைத்தான் தேடுவார்கள். சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். ஆனால் அவன் வாங்கும் சாமானின் பில்லை அவனால் வாசிக்க முடியாது. சின்ன வயதில் 'பட்டம்' என்று சொன்னால் 'படம்' என்று எழுதுவான். நேற்று வாசித்த சொல்லை இன்று முதல்முறை பார்ப்பதுபோலப் பார்ப்பான். வாய்க்கணக்கு கேட்டால் எங்கள் எல்லோருக்கும் முன்னால் விடை சொல்வான்.

பள்ளியில் ஓர் ஆசிரியர் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "உங்க ஆளுங்கள்ல ஒண்ணு படிச்சாலே பெரிசும்மா. அதான் பொண்ணு படிக்குதுல்ல, இவன ஏதாவது வேலைக்கு அனுப்பு." அம்மா நம்பினார். நானும் நம்பினேன். வீட்டில் அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது அடித்திருக்கிறேன். அவன் அழமாட்டான். புத்தகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

என் தம்பிக்கு டிஸ்லெக்சியா இருந்ததா என்று என்னிடம் கேட்பார்கள். யாருமே சோதித்துப் பார்க்காதபோது அதற்கு என்ன பதில் சொல்வது? காய்ச்சல் வந்த பிள்ளையைத் தொட்டுப் பார்ப்போம். எட்டு வருடம் வாசிக்க முடியாமல் உட்கார்ந்திருந்த பிள்ளையை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. அவன் சாதியே விடையாக இருந்ததால் வேறு விடையைத் தேடவேண்டிய தேவை அந்தப் பள்ளிக்கு வரவில்லை. நான் இன்று பேசப்போவது இதைத்தான்.

2007 டிசம்பரில் 'தாரே ஜமீன் பர்' படம் வந்தது. இந்தியாவில் நிறையப் பேருக்கு டிஸ்லெக்சியா என்ற சொல்லே அந்தப் படத்தின் வழியாகத்தான் தெரியும். நல்ல படம், நானும் அழுதேன். அந்தச் சிறுவனின் பெயர் இஷான் அவஸ்தி. வடநாட்டுப் பார்ப்பனக் குடும்பப் பெயர். அப்பாவுக்கு நல்ல வேலை, பிள்ளையை விடுதிப் பள்ளியில் சேர்க்கப் பணம் இருக்கிறது. அவன் வாசிக்கத் தடுமாறினால், 'இவ்வளவு நல்ல குடும்பத்தில் பிறந்தவனுக்கு ஏன் வரவில்லை?' என்று கேட்கத் தோன்றுகிறது. அந்தக் கேள்வியிலிருந்துதான் கண்டறிதல் தொடங்குகிறது. நம் பிள்ளை தடுமாறினால் யாருக்கும் ஆச்சரியமே இல்லை. ஆச்சரியம் இல்லாத இடத்தில் கேள்வி எப்படி வரும்?

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சேர்த்தது. வாசிப்பில் சிரமம் தரும் டிஸ்லெக்சியா, எழுத்தில் டிஸ்கிராபியா, கணக்கில் டிஸ்கால்குலியா எல்லாம் அப்போதுதான் சட்டத்துக்குள் வந்தன.

அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவைப் படியுங்கள். அரசு நிதி பெறும் பள்ளியோ, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியோ, பிள்ளைகளிடம் உள்ள கற்றல் குறைபாட்டைக் கூடிய சீக்கிரம் கண்டறிய வேண்டும், அதற்கேற்பக் கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும் என்கிறது. கண்டறிய வேண்டியது பள்ளியின் கடமை. பெற்றோர் கண்டுபிடித்துக்கொண்டு வரட்டும் என்று அதில் இல்லை. சான்றிதழ் வந்த பிறகு சொல்லிக்கொடுங்கள் என்றும் அந்த உட்பிரிவில் இல்லை. 17ஆம் பிரிவு, பள்ளி செல்லும் பிள்ளைகளிடையே ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடத்தச் சொல்கிறது.

நடப்பது தலைகீழாக இருக்கிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் டிஸ்லெக்சியா உள்ள மாணவருக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு எனச் சலுகைகள் உண்டு. நியாயமான சலுகைகள். ஆனால் அவற்றைப் பெறச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு மருத்துவமனை, மனநல நிபுணர், சோதனை, மறுபடி ஒரு நாள் வரச்சொல்வது. தினக்கூலி வேலை பார்க்கும் அம்மாவுக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி. அதற்கும் முன்னால், இப்படி ஒன்று இருக்கிறது என்றே யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

இப்போது சோதனைக்கு வருவோம். 2018 ஜனவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி எட்டு வயது முடிந்த பிறகுதான் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் தரப்பட்டது. முதலில் ஐ.க்யூ. எனப்படும் நுண்ணறிவுச் சோதனை. அதில் 85க்கு மேல் எடுத்தால்தான் அடுத்த கட்டமான கற்றல் குறைபாட்டுச் சோதனைக்கே போகமுடிந்தது. அறிவு சரியாக இருந்தும் வாசிக்க வரவில்லை என்றால்தான் அது கற்றல் குறைபாடு என்பது இதன் பின்னால் உள்ள எண்ணம்.

கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் அந்தச் சோதனை எதை அளக்கிறது? பொது அறிவுக் கேள்வி இருக்கும், சொற்களுக்குப் பொருள் கேட்பார்கள். வீட்டில் புத்தகமும் செய்தித்தாளும் இருக்கும் பிள்ளைக்கு அவை காதில் விழுந்தவை. முன்பின் தெரியாத ஒருவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டால், பள்ளியில் தினமும் திட்டு வாங்கும் பிள்ளை வாயே திறக்காது. 70க்குக் கீழே எடுத்தால் அறிவுசார் குறைபாடு என்பார்கள், அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. அந்த வழிகாட்டுதலில் 85க்கு மேல் எடுத்தால் கற்றல் குறைபாட்டுக்கான வழி திறந்தது. இரண்டுக்கும் நடுவில் 78, 80 என்று எடுத்த பிள்ளைக்கு? 'மெதுவாகக் கற்பவர்' என்று ஒரு பெயர் கிடைத்தது. அந்தப் பெயருக்குச் சட்டத்தில் எந்த உரிமையும் இல்லை. நான் கையைப் பிடித்து அழைத்துப்போன பிள்ளைகள் சிலர் இந்தப் பள்ளத்தில்தான் விழுந்தார்கள்.

இந்த எண்ணை எதிர்த்து அமெரிக்காவில் கறுப்பின மக்கள் நீதிமன்றத்துக்கே போனார்கள். நாம் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு அது. 1971இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆறு கறுப்பினப் பிள்ளைகளின் சார்பில் 'லாரி பி. எதிர் ரைல்ஸ்' என்ற வழக்கு தொடரப்பட்டது. 1968-69இல் கலிபோர்னியாவின் மாணவர்களில் கறுப்பினப் பிள்ளைகள் 9 விழுக்காடு. 'மனவளர்ச்சி குறைந்தவர்களுக்கான' வகுப்புகளில் அவர்கள் 27 விழுக்காடு. அங்கே போன பிள்ளை வழக்கமான பாடத்துக்குத் திரும்புவது அரிது. அவர்களை அனுப்பியது ஐ.க்யூ. மதிப்பெண். அந்த ஆறு பிள்ளைகளையும் கறுப்பின உளவியலாளர்கள், பிள்ளைகளுக்குப் பழகிய முறையில் பேசி மறுபடி சோதித்தார்கள். ஆறு பேருமே அந்த வகுப்புக்கான எல்லையைத் தாண்டி மதிப்பெண் எடுத்தார்கள். 1979இல் நீதிபதி ராபர்ட் பெக்கம், கறுப்பினப் பிள்ளைகளை அந்த வகுப்புகளில் தள்ள ஐ.க்யூ. சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தார்.

கதை அங்கே முடியவில்லை. 1986இல் அந்தத் தடை எல்லா வகைச் சிறப்புக் கல்விக்கும் விரிக்கப்பட்டது. அப்போது வேறு சில கறுப்பினப் பிள்ளைகளின் பெற்றோர் வந்தார்கள். 'எங்கள் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று அறிய நாங்களே இந்தச் சோதனையைக் கேட்கிறோம். கறுப்பினம் என்பதற்காக மறுப்பீர்களா?' என்று வழக்குப் போட்டார்கள். 1992இல் அதே நீதிபதி அந்த விரிவாக்கத்தை விலக்கினார். 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

இரண்டு வழக்கும் ஒன்றுக்கொன்று முரண் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் பிள்ளைக்கு நீ பெயர் வைத்து ஒதுக்காதே என்றது ஒரு குரல். எங்கள் பிள்ளைக்குத் தேவையான உதவியை மறுக்காதே என்றது இன்னொரு குரல். இரண்டையும் ஒரே வாயால் சொல்லவேண்டிய நிலையில்தான் நாமும் இருக்கிறோம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். வாசிக்க வராத பிள்ளைக்கெல்லாம் டிஸ்லெக்சியா என்று கிளம்பிவிடாதீர்கள். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருக்கும் பள்ளியில் பிள்ளை வாசிக்கவில்லை என்றால், முதல் கேள்வி சொல்லிக்கொடுத்தார்களா என்பதுதான். 'வாழைப்பழம்' என்பதை 'வாயப்பயம்' என்று எழுதும் பிள்ளைக்குக் குறைபாடு இல்லை. அது தான் பேசுகிறபடி எழுதுகிறது. ர-ற, ல-ள-ழ குழப்பம் நமக்கே இருக்கிறது.

நான் கவனிப்பது வேறு. ஒலியைச் சொன்னால் எழுத்தைப் பிடிக்க முடிகிறதா? 'கொ' என்பதில் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே ஒலியாக வாசிக்க வருகிறதா? நல்ல முறையில், பொறுமையாக, சில மாதங்கள் சொல்லிக்கொடுத்த பிறகும் மாற்றம் இல்லையா? வாயால் சொல்லும் விடைக்கும் தாளில் எழுதும் விடைக்கும் பெரிய இடைவெளி இருக்கிறதா? அப்போது சோதனைக்கு அழைத்துப்போக வேண்டும். அமெரிக்கச் சட்டமும் 2004இல் இந்தப் பக்கம் திரும்பியது. ஐ.க்யூ.வுக்கும் படிப்புக்கும் உள்ள இடைவெளியைக் கட்டாய அளவுகோலாக்கக் கூடாது, கற்பித்தலுக்குப் பிள்ளை எப்படி ஈடுகொடுக்கிறது என்பதைப் பார்த்தும் முடிவு செய்யலாம் என்றது.

நமக்கு மொழிச் சிக்கலும் உண்டு. தேசிய மூளை ஆய்வு மையம் 2015இல் டிஸ்லெக்சியாவைக் கண்டறியும் 'டாலி' என்ற சோதனைத் தொகுப்பை வெளியிட்டது. முதலில் வந்தது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில். தமிழ் அந்த நான்கில் இல்லை. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளையைத் தமிழில் சோதிக்க வேண்டும் என்பதை நாம் கேட்டே வாங்கவேண்டும்.

ஆட்களையும் கேட்கவேண்டும். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் 10 பேருக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று சொன்னது. தற்காலிகமாக, பல பள்ளிகளுக்கு ஒருவராக ஓடிக்கொண்டிருக்கும் எங்களை வைத்து அந்தக் கணக்கை எட்ட முடியாது. என் வேலைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள் வருகிற ஆளால் ஒரு பிள்ளையின் தடுமாற்றத்தை எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

நீங்கள் என்ன செய்யலாம்? மாலை வகுப்பில் தடுமாறும் பிள்ளைக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். என்ன பிழை, எத்தனை நாள், எதைச் சொல்லிக்கொடுத்தீர்கள், என்ன மாறியது என்று தேதியோடு எழுதுங்கள். மூன்று நான்கு மாதத்துக்குப் பின்னும் மாற்றம் இல்லை என்றால் பெற்றோரோடு போய், 16ஆம் பிரிவைக் குறிப்பிட்டுத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் மனு கொடுங்கள். 2013 முதல் தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளிகளுக்கு மருத்துவக் குழு வருகிறது. அவர்கள் பார்க்கவேண்டிய பட்டியலில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. அங்கிருந்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். காசு கொடுத்துச் சோதிக்கும் இடத்துக்கு ஓடுவதற்கு முன் அரசைக் கேளுங்கள். அது பிள்ளையின் உரிமை.

போன மாதம் என் தம்பி மகளுக்கு ஏழு வயது முடிந்தது. அவளும் வாசிக்கத் தடுமாறுகிறாள். தம்பி என்னிடம் வந்து, "அக்கா, எனக்கு மாதிரிதான் இதுக்கும் ஏறாதோ?" என்று கேட்டான். அவனிடம் அந்தச் சொல்லைக் கொடுத்தது பள்ளி. முப்பது வருடமாகச் சுமந்துகொண்டு வந்து மகள் தலையில் வைக்கப் பார்க்கிறான்.

"ஏறாதுன்னு சொல்றதுக்கு முன்னாடி சொல்லிக்குடுத்துப் பாப்போம், சோதிச்சும் பாப்போம்டா" என்றேன். அவளுக்காக ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன். அந்த ஆசிரியருக்கு இருபது நொடியில் கிடைத்த முடிவுக்கு நான் ஆறு மாதம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். நீங்களும் உங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கு அந்த ஆறு மாதத்தைக் கொடுங்கள்.