பள்ளிப் பதிவேடும் வாழ்க்கைப் பாதையும்



நான் வசிக்கும் நாவலூரில், பழைய மகாபலிபுரம் சாலையின்மீது முன்பு ஒரு சுங்கச்சாவடி இயங்கிவந்தது. 2023 அக்டோபரில் அங்கே கட்டணம் வாங்குவது நிறுத்தப்பட்டது. அது இயங்கிய காலத்தில், ஒரு நாளில் எத்தனை வண்டிகள் அவ்வழியே சென்றன என்று வினவினால், அங்கிருந்த கணக்கர் உடனே சொல்லிவிடுவார். ஆனால், காலையில் சென்ற ஒரு வண்டி ஊர் போய்ச் சேர்ந்ததா, இடைவழியில் பழுதாகி நின்றுவிட்டதா என்று கேட்டால் அவரால் விடை கூற இயலாது. எண்ணுவது வேறு, தொடர்ந்து சென்று அறிவது வேறு.

நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களும் நெடுங்காலம் அந்தச் சாவடியைப் போலவே பிள்ளைகளை எண்ணிவந்தன. ஒரு குழந்தை முதல் வகுப்பில் அடியெடுத்துவைத்த நாள் தொடங்கி, அது ஒரு தொழிலில் அமரும் நாள் வரையில் அதன் பாதையை அறிந்துவைத்திருக்க வேண்டும் என்னும் எண்ணம் அண்மைக் காலத்தில்தான் செயல்வடிவம் பெற்றுவருகிறது. அது நன்மையா, தீமையா என்பதை உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன். ஏனெனில், அந்தப் பதிவேட்டில் இருக்கும் பெயர் உங்களுடைய பெயர்.

எண்ணும் வழக்கம் பழையது. சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ, 1822ஆம் ஆண்டில் மாவட்டக் கலெக்டர்களுக்கு ஆணையிட்டு, ஊர்தோறும் இருந்த பள்ளிகளைக் கணக்கெடுக்கச் செய்தார். 1826ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அவர் எழுதிய குறிப்பின்படி, ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். அக்காலத்திற்கு அது அரிய முயற்சி. எனினும், அந்த 1,88,650 பேரில் ஒருவர்கூட பின்னாளில் என்ன ஆனார் என்பதை அக்கணக்கு நமக்குக் கூறாது.

நூறாண்டு கழித்து, 1929ஆம் ஆண்டில், ஹார்டாக் குழு வேறொரு கேள்வியைக் கேட்டது. 1922-23இல் முதல் வகுப்பில் இருந்த 100 பிள்ளைகளுக்கு, 1925-26இல் நான்காம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தனர்? விடை: 18 பேர். எஞ்சிய 82 பேரின் நிலையை விளக்க, அக்குழு இரண்டு சொற்களை ஆண்டது. படிப்பை முடிக்காமலே விலகிவிடுவது விரயம். ஒரே வகுப்பில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவது தேக்கம். ஆசிரியப் பயிற்சி பெற்ற எங்களைப் போன்றோர் இவ்விரு சொற்களையும் மனப்பாடமாக ஒப்பித்தே தேர்வு எழுதினோம்.

ஆனால், அக்கணக்கிலும் ஒரு குறை உண்டு. நான்காம் வகுப்பில் காணப்படாத பிள்ளை படிப்பை விட்டதா? இரண்டாம் வகுப்பிலேயே தங்கிவிட்டதா? பெற்றோருடன் வேறூருக்குச் சென்று அங்கே நன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறதா? மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் இம்மூன்றையும் பிரித்தறிய வழியில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அடையாளம் இருந்து, அது எங்கே சென்றாலும் அவ்வடையாளமும் உடன் சென்றால்தான் உண்மை விளங்கும்.

இதன் அருமையை நான் நூலில் கற்கவில்லை. இம்மாவட்டத்துப் பள்ளியொன்றில் நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, எட்டாம் வகுப்பில் ஒரு சிறுமி பயின்றாள். கணக்கில் கெட்டிக்காரி. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபின் அவள் வரவில்லை. சில வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு விதிப்படி வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே, ‘நீண்ட நாள் வராமையால் பெயர் நீக்கம்’ என்று சிவப்பு மையால் எழுதினேன். அத்துடன் என் கடமை முடிந்ததெனக் கருதினேன்.

இருபது ஆண்டுகளுக்கும் மேல் சென்றபின், நான் தலைமையாசிரியராக இருந்த வேறொரு பள்ளிக்கு ஒரு பெண்மணி தன் மகளைச் சேர்க்க வந்தார். என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “சார், என்னைத் தெரியலையா? எட்டாம் வகுப்பிலே உங்ககிட்டதான் படிச்சேன்” என்றார். அந்தச் சிறுமிதான். “ஏம்மா, பாதியிலே நின்னுட்டே?” என்று கேட்டேன். “எங்கப்பா செங்கல் சூளைக்கு வேலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு சார். அங்கே பள்ளிக்கூடத்திலே சேரப் போனேன். டி.சி. இல்லாம சேர்க்க முடியாதுன்னாங்க. வந்து வாங்கிட்டுப் போக ஆளில்லை” என்றார்.

அவர் என்மீது குறை கூறவில்லை. ஆனாலும், நான் எழுதிய அந்தச் சிவப்பு வரி என் கண்முன் நின்றது. நான் நீக்கியது ஒரு பெயரை மட்டுமன்று. அவரோ படிக்க விரும்பி வேறொரு பள்ளியின் வாயில் வரை சென்றிருக்கிறார். அங்கே அவரை அறிந்தவரில்லை. இங்கே அவரைத் தேடியவரில்லை. அவர் மகளுக்கும் மாற்றுச் சான்றிதழ் இல்லை. ஆயினும், 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டித் தொடக்கக் கல்விக்கு வரும் குழந்தையின் சேர்க்கையை மறுக்கவோ ஒத்திவைக்கவோ கூடாது என்கிறது. அச்சிறுமியை அன்றே சேர்த்துக்கொண்டேன்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. நாடெங்கும் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் ஒன்று உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் எண்கள் 33 என்று தொடங்கும். நம் மாநிலத்தில் நாம் ‘எமிஸ்’ என்று வழங்கும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை, ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் வழங்குகிறது. மத்திய அரசின் கணக்கெடுப்பும் 2022-23 முதல் பள்ளிவாரித் தொகையோடு நில்லாமல், மாணவர்வாரியாகவே விவரம் திரட்டுகிறது. சிறுசேரியில் கட்டட வேலை முடிந்து ஒரு குடும்பம் ஒரகடத்திற்குப் பெயர்ந்தால், குழந்தையின் பதிவும் உடன் பெயர வழியுண்டு.

இதனால் விளையும் பயனை எண்ணிப் பாருங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்றவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அளிக்கும் சட்டம் 2020இல் வந்தது. அதே போன்று பயின்று உயர்கல்வியில் சேரும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கியது. இவற்றைப் பெற, ஏழாண்டுகளில் எங்கெங்கே பயின்றோம் என்பதை மெய்ப்பிக்க வேண்டும். பழைய நாளில் அதற்குப் பள்ளி பள்ளியாக அலைந்து சான்று வாங்க வேண்டியிருந்திருக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பை முடித்தும் கல்லூரியில் சேராதவர் யார் எனப் பெயர்வாரியாகக் கண்டறிந்து, முகாமிற்கு அழைத்து வழிகாட்டும் முயற்சியும், 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழ் ‘உயர்வுக்குப் படி’ என்ற பெயரில் நடைபெற்றது. நான் தேடாமல் விட்ட பிள்ளையைத் தேடும் வேலை இது. ஆதலின் இதனைப் போற்றுகிறேன்.

எனினும், கல்வியிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியில் நம் கணக்கு இன்னும் தெளிவுபெறவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேட்டை நோக்குங்கள். அதில் இருப்போர் அனைவரும் வேலையற்றோர் அல்லர். மேற்படிப்புப் படிப்போரும், தனியார் பணியில் இருந்துகொண்டே அரசுப் பணியை எதிர்நோக்குவோரும் அதில் உண்டு. பதிவே செய்யாத வேலையற்றோரும் உண்டு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இங்கே மிகவும் பொருந்தும்.

பிரிட்டனில் 1946ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளில் 5,362 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களின் உடல்நலம், கல்வி, தொழில் ஆகியவற்றை அறிஞர்கள் தொடர்ந்து ஆராய்ந்தனர். திறமை ஒத்த பிள்ளைகளிடையேயும் குடும்பச் சூழலால் கல்வி வாய்ப்பு வேறுபடுவதை அவ்வாய்வு காட்டியது. அக்குழந்தைகள் முதியோரான பின்னும் ஆய்வு தொடர்ந்தது. காரணம், அவர்கள் விரும்பி உடன்பட்டனர். அவர்களின் பெயர்கள் வெளியிடப்படவில்லை. இவ்விரண்டையும் நினைவிற் கொள்ளுங்கள்.

ஏனென்றால், பதிவேட்டுக்கு மற்றொரு முகமும் உண்டு. அதற்கும் நானே சாட்சி. ஒரு முறை, பெஞ்சை உடைத்த பையன் ஒருவனுக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதுகையில், நடத்தை என்னும் இடத்தில் ‘நன்று’ என்று எழுதாமல், கோபத்தில் வேறொரு சொல்லை எழுதினேன். அடுத்த பள்ளி அவனைச் சேர்க்க மறுத்தது. அவன் தந்தை கண்கலங்க வந்து நின்றார். நான் நேரிற் சென்று பேசி, சான்றிதழையும் திருத்திக் கொடுத்தேன், அவன் சேர்ந்தான். அன்று அது ஒரே ஒரு தாள். ஆதலால் திருத்த முடிந்தது. அதே சொல் கணினியில் ஏறி, பள்ளியிலிருந்து கல்லூரிக்கும், கல்லூரியிலிருந்து வேலை தருவோரிடத்துக்கும் பரவியிருந்தால், எத்தனை வாயில்களில் சென்று நான் மன்னிப்புக் கேட்பேன்? பதின்மூன்று வயதில் செய்த ஒரு குறும்பு, முப்பது வயதிலும் அவனுக்கு முன்னே சென்று நாற்காலியில் அமர்ந்திருக்கலாமா?

இவ்வச்சம் வீணன்று. அமெரிக்காவில் பல மாநிலங்களின் மாணவர் விவரங்களை ஓரிடத்தில் திரட்ட முனைந்த இன்புளூம் என்னும் அமைப்பு, பெற்றோரின் எதிர்ப்பால் 2014இல் மூடப்பட்டது. நம் நாட்டில் 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென அறிவித்தது. 2018இல், பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கலாகாது என்றது. 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரைக் குழந்தையெனக் கொண்டு, அவர்தம் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவை வேண்டுகிறது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின.

ஆகவே, என் முடிபு இது. பிள்ளையைத் தேடிச் சென்று உதவுவதற்கான பதிவு வேண்டும். பிள்ளையைத் தடுத்து நிறுத்துவதற்கான பதிவு வேண்டாம். எங்கே பயின்றான், எதில் தேர்ந்தான், எந்த உதவிக்கு உரியவன் என்பவை உடன் செல்லட்டும். சினம், குறும்பு, ஓராண்டுத் தோல்வி ஆகியவை பள்ளி வாயிலோடு நின்றுவிடட்டும். மறப்பதும் ஆசிரியரின் கடமைகளுள் ஒன்று; அக்கடமையைக் கணினிக்கும் நாம் கற்பிக்க வேண்டும்.

மாணவர்களே, நீங்கள் செய்யவேண்டியவை சில உண்டு. உங்கள் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த நாள் ஆகியவை பள்ளிப் பதிவிலும் மற்றச் சான்றுகளிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். ஓரெழுத்துப் பிழையைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாகும் முன் திருத்துவது எளிது, பின்னர் அரிது. உங்கள் விவரத்தை எவர் கேட்டாலும், எதற்காக என்று பணிவோடு கேளுங்கள். அக்கேள்வி மரியாதைக் குறைவு ஆகாது. பள்ளியை விட்டபின் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து, என்ன செய்கிறாய் என வினவினால், தயங்காமல் உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் வகுப்பில் யாரேனும் பல நாள் வராதிருந்தால், அதை ஆசிரியரிடம் கூறுங்கள். கூடுமானால் அவர் வீட்டிற்கே சென்று பாருங்கள். எந்தக் கணினியும் கதவைத் தட்டி, “ஏன் வரவில்லை?” என்று கேட்காது.

நான் மகளைச் சேர்த்துக்கொண்ட அந்தப் பெண்மணி, விடைபெறும்போது ஒரு சொல் சொன்னார்: “சார், இவ நாலு நாள் வரலைன்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்க.” பதிவேடு எதற்காக இருக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாக எனக்கு எவரும் கூறியதில்லை.