உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்



கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவார் என்கிறார் இயேசு (லூக்கா 14:28). நாமோ பிளஸ் டூ முடிவு வந்த பிறகு கந்துவட்டிக்கு ஓடுகிறோம். அல்லது பிள்ளையின் படிப்பை நிறுத்துகிறோம்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவருக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் உண்டு: மகளுக்குப் புதுமைப் பெண், மகனுக்குத் தமிழ்ப் புதல்வன். முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தால் பொறியியல் கலந்தாய்வில் கட்டணச் சலுகை. வங்கியில் 4 லட்சம் வரை அடமானமின்றிக் கல்விக்கடன்.

மதுரை கொடிக்குளத்தில், ஊர்ப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வேண்டுமென்று 2024இல் 1 ஏக்கர் 52 சென்ட் நிலம் கொடுத்தார் ஆயி பூரணம் அம்மாள். நமக்கு நிலம் இல்லாவிட்டாலும் படிவம் நிரப்பத் தெரியுமே! பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு இன்று மாலையே உட்காருவோம். ஆமென்.