என் தாயாரின் தறி

(நம் பள்ளிவாசலில் இஷாத் தொழுகைக்குப் பின் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

 

தாயின் சிறப்பைப் பேச எழும் எவரும், அவள் நமக்காகப் பட்ட துன்பங்களையே எடுத்துரைப்பர். சுமந்ததையும், பெற்றதையும், பாலூட்டி வளர்த்ததையும் கூறுவர். திருக்குர்ஆனின் லுக்மான் அத்தியாயமும் அந்தச் சுமையை நமக்கு நினைவூட்டுகிறது. நானும் பல ஜும்ஆக்களில் அவ்வாறே பேசியிருக்கிறேன். இன்று வேறொன்றைக் கேட்க விரும்புகிறேன். நம் தாய் எதில் மகிழ்ந்தாள் என்பது நமக்குத் தெரியுமா? இக்கேள்விக்கு விடை தெரியாமல் நான் பல ஆண்டுகள் இருந்தேன். அந்தத் தவற்றையே உங்கள் முன் வைக்கிறேன்.

என் சொந்த ஊர் பத்தமடை. திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில், சேரன்மகாதேவிக்கு அருகில் உள்ளது. அவ்வூர்க் கோரைப்பாயை அறியாதவர் குறைவு. அதை நெய்து வருபவர்களில் பெரும்பாலோர் நம் சமுதாயத்துப் பெண்கள்.

தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையை அறுத்து, பச்சையாகவே கீறி, வெயிலில் உலர்த்துவார்கள். உலர்ந்ததைக் கட்டுக்கட்டாக ஓடும் ஆற்று நீரில் சில நாட்கள் ஊறப் போடுவார்கள். ஊறிப் பருத்ததை மீண்டும் உலர்த்தி, மேலும் நுண்ணிதாகக் கீறுவார்கள். சாயமேற்றிய பின்பே அது தறிக்கு வரும். பருத்தி நூலைப் பாவாகக் கட்டி, அதனிடையே ஒவ்வொரு கோரையாகக் கோத்து அச்சால் இறுக்க வேண்டும். மயிரிழை போன்ற கோரையால் நெய்யும் மெல்லிய பாய்க்குப் பட்டுப்பாய் என்று பெயர். அதை மடித்துக் கைக்குள் அடக்கிவிடலாம். அப்படி ஒரு பாய் நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

என் தாயார் சிறுமியாக இருந்தபோதே தறியில் அமர்ந்தவர். குர்ஆன் ஓத அறிந்தவர். தமிழ் எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் கல்யாணப் பாயில் மணமக்கள் பெயர்களை நெய்வதில் அவருக்கு நிகர் எங்கள் தெருவில் இல்லை. பெயரை யாரேனும் தாளில் எழுதிக் கொடுத்தால், அவ்வெழுத்தின் வளைவுகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். பின்பு கோரையில் அதை அப்படியே கொண்டுவந்துவிடுவார். வாசிக்கத் தெரியாத அந்த எழுத்தைத் தடவிப் பார்த்து அவர் புன்னகைப்பதைச் சிறுவனாக நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். கண்டேனே தவிர, அதன் பொருளை உணரவில்லை.

நான் மதரஸாவில் ஓதி, ஸனது பெற்று, இமாமத் பணிக்கு வந்தேன். என் தந்தையார் மறைந்த பின் தாயாரை இவ்வூருக்கு அழைத்து வந்தேன். புறப்படும்போது அவர் தறிக்கழிகளைக் கட்டி எடுத்து வைத்தார். "இனி நீங்கள் கஷ்டப்பட வேண்டாம் உம்மா, இது இங்கேயே இருக்கட்டும்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "நீ சொன்னால் சரிதான் வாப்பா" என்று கட்டை அவிழ்த்துவிட்டார்.

சகோதரர்களே! இதைக் கேட்பவர் எவரும் என்னை நல்ல மகன் என்றே கூறுவர். ஆனால் அல்லாஹ் உள்ளத்தை அறிந்தவன். என் உள்ளத்தில் இருந்தது வேறு. இமாமுடைய தாய் கூலிக்குப் பாய் நெய்கிறார் என்று ஊரார் பேசுவார்களே என்ற அச்சமே அது. என் கௌரவத்திற்கு அன்பின் சட்டையை அணிவித்தேன்.

அதன் பின் அவர் எதையும் குறை சொல்லவில்லை. தொழுதார், ஓதினார், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். ஆனால் வாசற்படியில் அமர்ந்து, விளக்குமாற்றிலிருந்து விழுந்த குச்சிகளை எடுத்து நகத்தால் கீறிக்கொண்டே இருப்பார். "என்ன உம்மா இது, குழந்தை விளையாட்டு?" என்று நான் சிரித்ததுண்டு.

அவ்வாண்டுகளில் மாணவர்களுக்கு நான் ஹதீஸ் பாடம் நடத்தி வந்தேன். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியரிடம், கை நீளமானவரே தமக்குப் பின் முதலில் தம்மை வந்தடைவார் என்று அறிவித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அத்துணைவியர் தம் கைகளை அளந்து பார்த்தனர். முதலில் மறைந்தவர் அன்னை ஸைனப் (ரலி) அவர்கள். அவர்கள் தம் கைகளால் உழைத்து, அதிலிருந்து தர்மம் செய்து வந்தவர்கள். நபியின் துணைவியாருக்குக் கைத்தொழில் இழிவாகவில்லை, சிறப்பாயிற்று. இப்பாடத்தை ஆண்டுதோறும் விளக்கிவிட்டு, வீட்டிற்கு வந்து என் தாயின் வெறுங்கைகளைப் பார்க்காமல் இருந்தேன்.

ஒருமுறை உறவினர் திருமணத்திற்காகப் பத்தமடை சென்றோம். தாயாரைக் காணவில்லை என்று தேடியபோது, பக்கத்து வீட்டுத் தறியில் அமர்ந்திருந்தார். அவருடைய முகத்தில் இருந்த ஒளியை என் வீட்டில் நான் கண்டதில்லை. அவருடன் இளமை முதல் நெய்த மூதாட்டி ஒருவர் என்னிடம் சொன்னார்: "கஷ்டத்துக்காகவா உன் உம்மா நெய்தாள்? வீட்டில் அரிசி நிறைந்திருந்த நாளிலும் நெய்தாள்."

அச்சொல்லுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. திரும்பும்போது தறிக்கழிகளையும் இரண்டு கட்டுக் கோரையையும் பேருந்தின் கூரையில் ஏற்றி வந்தேன்.

அதன் பின் மூன்று ஆண்டுகளே அவருக்கு வாழ்வு இருந்தது. கண்பார்வை மங்கியதால் பட்டுப்பாய் நெய்ய இயலவில்லை. சாதாரணப் பாய்களையே நெய்தார். கடைசியாக என் மகளின் பெயரிட்டு ஒரு பாய் நெய்தார். அதில் ஓர் எழுத்து திரும்பிவிட்டது. வாழ்நாளில் ஓர் எழுத்தும் பிழைக்காதவர், பேத்தி அதைச் சுட்டிக்காட்டியபோது வாய்விட்டுச் சிரித்தார். பிரித்து நெய்யட்டுமா என்றார். வேண்டாம் என்றோம். அப்பாய் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. நான் வீணாக்கிய ஆண்டுகளில் அவருக்குக் கண்பார்வை நன்றாகவே இருந்தது என்பதை அந்த எழுத்து எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

பெருமக்களே! நம் மஹல்லாவில் பலர் வெளிநாடுகளில் உழைத்துத் தாய்க்குப் பணம் அனுப்புகிறீர்கள். அல்லாஹ் பரக்கத் செய்வானாக. பணத்துடன், "ஆட்டை விற்றுவிடுங்கள், தையல் வேண்டாம், தோட்டத்தில் குனியாதீர்கள்" என்றும் சொல்லி அனுப்புகிறோம். உண்மையிலேயே உடல் தாங்காத வேலையாக இருந்தால் தடுப்பது கடமை. ஆனால் தடுக்கும் முன், அது அவருக்குப் பாரமா, மகிழ்ச்சியா என்று ஒரு சொல் கேளுங்கள். அவர் "சரி" என்பதை விடையாகக் கொள்ளாதீர்கள். பிள்ளைக்காக எதையும் சரி என்று சொல்லும் நாவு அது.

தாயை இழந்தவர்களுக்கும் வழி அடைக்கப்படவில்லை. ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள், தம் தாயாருக்காகத் தர்மம் செய்தால் அது அவருக்குப் பயனளிக்குமா என்று நபியவர்களிடம் கேட்டு, ஆம் என்று அறிந்ததும் தம் தோட்டத்தையே தர்மமாக்கினார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மறைந்த பின்பும், ஆடு அறுத்தால் அவர்களுடைய தோழியருக்கு நபியவர்கள் இறைச்சி அனுப்பி வந்தார்கள். இரண்டும் ஸஹீஹ் புகாரியில் உள்ளவை. என் தாயாருடன் நெய்தவர்களில் இன்றும் இருப்போரை ஆண்டுக்கொருமுறை சென்று கண்டு வருகிறேன். ஒவ்வொருவரும் என் தாயைப் பற்றி நான் அறியாத ஒன்றைச் சொல்கிறார்கள்.

இன்றிரவு வீடு திரும்பியதும், தாய் இருப்பவர்கள் அவரருகே சற்று அமருங்கள். எதைச் செய்யும்போது உங்கள் மனம் குளிர்கிறது என்று கேளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோரின் பிழைகளைப் பொறுத்தருள்வாயாக. அவர்கள் விஷயத்தில் நாங்கள் செய்த பிழைகளையும் பொறுத்தருள்வாயாக. அவர்களுடைய கப்ருகளை ஒளியால் நிரப்புவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.