பால் விலையை ஒப்பிடும் முன்



திரும்பவும் மாடு வளர்க்கத் தொடங்கியுள்ள உங்களில் பலர், வெளிநாடுகளில் பாலுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். தொகையைப் பார்க்க முன், எந்த அளவுக்கு அந்தத் தொகை என்று பாருங்கள்.

நியூசிலாந்தில் லீற்றருக்கு விலை பேசுவதில்லை. பாலிலுள்ள கொழுப்பும் புரதமும் சேர்ந்து ஒரு கிலோ வந்தால்தான் அந்த விலை. அதற்கு ஏறக்குறைய 11 லீற்றர் பால் வேண்டும். அமெரிக்காவில் 100 இறாத்தலுக்கு விலை; அது சுமார் 44 லீற்றர். குஜராத் கூட்டுறவுச் சங்கங்களில் கொழுப்பைப் பார்த்துக் கொடுப்பதால், எருமைப் பாலுக்குக் கூடிய விலை கிடைக்கிறது.

எங்கும் சத்துக்கே காசு. எங்கள் நாட்டிலும் சேகரிப்பு நிலையங்கள் கொழுப்பையும் கொழுப்பல்லாத திண்மங்களையும் பார்த்தே விலை தருகின்றன. ஆகவே,

- உங்கள் முன்னிலையில் பாலைப் பரிசோதிக்கக் கேளுங்கள்.
- இரண்டு அளவுகளையும் தினமும் கொப்பியில் எழுதுங்கள்.
- இரண்டு நிலையங்களின் விலையை ஒரே கொழுப்பு அளவுக்கே ஒப்பிடுங்கள்.

நியூசிலாந்து மாடுகள் பெரும்பாலும் மேய்ச்சல் புல்லில் வளர்வதால் அங்கு தீவனச் செலவு குறைவு. நீங்களும் தீவனச் செலவைக் கழித்துப் பாருங்கள். கையில் மிஞ்சுவதே உங்கள் உண்மையான பால் விலை.