அம்மாவின் குரலும் ஒரு றபர் பட்டியும்



கணக்காளன் என்றபடியால் ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். எங்கள் புரோசார்ட் வீட்டின் நிலக்கீழ் அறையில் ஒரு பழைய ரேப் றெக்கோடர் இருக்கிறது. தேய்மானம் கழித்தால் அதன் ஏட்டுப் பெறுமதி பூச்சியம். அதைத் திருத்த நான் கொடுத்தது 140 டொலர். "உங்களுக்கென்ன விசரா?" என்று மனைவி கேட்டார்.

காரணம் ஒரு கசெற். 1992இல் யாழ்ப்பாணத்தில் அம்மா பேசிப் பதிந்து, கொழும்புக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியது. அம்மா இப்போது இல்லை. அதைப் போட்டால் குரல் தடித்து, நடுங்கிக் கேட்கும். அழுதழுது கதைத்திருக்கிறார் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். போன மாரியில் கருவி நாடாவையே கடிக்கத் தொடங்கியது.

திருத்துபவரைத் தேடினேன். ஒரு கடையில் "எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்றார்கள். இன்னொரு இடத்தில் மூன்று மாதம் வைத்திருந்து அப்படியே திருப்பித் தந்தார்கள். கடைசியில் ஆற்றுக்கு அக்கரையில், சென் ஹென்றியிலுள்ள எமில் பெர்லினர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். கிராமபோனைக் கண்டுபிடித்த பெர்லினர் 1899இல் மொன்றியலில்தான் தமது கனடியத் தொழிலைத் தொடங்கினார். அங்கே சந்தித்த ஒரு பார்வையாளர், ஓய்வுபெற்ற பிரெஞ்சுக்காரத் திருத்துநர் ஒருவரை அறிமுகப்படுத்தினார்.

அவர் கருவியைத் திறந்து காட்டினார். மோட்டாரோடு பூட்டிய றபர் பட்டி இளகி நீண்டிருந்தது. நாடாவை இழுக்கும் றபர் உருளை இறுகி வழுக்கியது. கசெற் நாடா செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடவேண்டும். வேகம் குறைந்தால் குரல் தடிக்கும். ஏறி இறங்கினால் நடுங்கும். இரண்டையும் மாற்றி, சோதனை நாடா போட்டு வேகத்தைச் சரிசெய்தார்.

நேயர்களே, அம்மா அழவில்லை! "குளிருக்குத் தொப்பி போடு, வேளைக்குச் சாப்பிடு" என்று ஏசிக்கொண்டிருந்தார்.

ஆனாலும் இடையிடையே குரல் கீச்சென்று உயர்ந்தது. "கருவி சரி, அது நாடாவில் இருக்கிறது" என்றார் திருத்துநர். இதுவரை விளங்காமலிருந்த கடைசிப் பகுதியில் அம்மாவே காரணத்தைச் சொல்கிறார். 1990இலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. தம்பி சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றெக்கோடரை ஓடவிட்டிருக்கிறான். அவன் களைத்த இடத்தில் நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் இப்போது அங்கே குரல் உயர்கிறது. கணினியில் அதைச் சீராக்கலாம் என்றார். வேண்டாம் என்றேன். அது தம்பியின் கை.

உங்கள் வீட்டிலும் இப்படிக் கசெற்றுகள் இருக்கும். திருத்துபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். சோதனை நாடா வைத்திருக்கிறாரா? பட்டியை அளந்து மாற்றுவாரா? செலவை முன்கூட்டியே எழுதித் தருவாரா? பரீட்சித்துப் பார்க்கச் சினிமாப் பாட்டுக் கசெற்றைக் கொடுங்கள். அம்மாவின் கசெற்றைக் கொடுக்காதீர்கள். திருத்திய அன்றே கணினியில் பிரதி எடுத்து, சகோதரங்களுக்கும் அனுப்பிவையுங்கள்.

2025க்குள் பிரதி எடுக்காத காந்த நாடாக்கள் பல நிரந்தரமாக இழக்கப்படலாம் என்று அவுஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015இலேயே எச்சரித்தது. நாடாவும் மூப்படைகிறது, திருத்தத் தெரிந்தவர்களும் மூப்படைகிறார்கள். ஏட்டில் பூச்சியமான பொருளுக்குள் என்ன இருக்கிறதென்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.